பின்வரிசையில் அய்யாவு

ஹனூர்ப் பக்கத்து அய்யாவு, தான் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், அமெரிக்காவில் மெம்பிஸ் என்னும் ஊரில் நடந்த ஒரு கச்சேரியில் பின்வரிசையில் நின்று கைதட்டினார். அவர் குடியிருந்த மைசூர் கும்பாரகொப்பலில் இதை யாரும் மறுப்பதில்லை. வேண்டுமானால் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். அல்மா புரூயிட் என்ற பாடகியின் கச்சேரி ரிக்கார்டு, இரண்டாம் பக்கம், நாற்காலிப் பாட்டு. கூட்டம் முழுக்க ஓர் இடத்தில் தட்டிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரே ஒருவருடைய கை மட்டும் வேறு இடத்தில் விழும். பலகை மேல் பலகை போட்டதுபோல் கெட்டியான சத்தம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் காற்று கசியும். அய்யாவு சென்ட்ரிங் வேலைக்காரர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக்கொடுக்கிற வேலை. அந்த வேலையில் இடது கைச் சுண்டுவிரல் பாதி எப்போதோ போய்விட்டது. காற்று கசிவது அந்த இடத்தில்தான். உயிரோடிருந்த காலத்தில் அவர் ஹனூர், கொள்ளேகால், மைசூர் தவிர ஒரே ஒரு தடவை பெங்களூர் போயிருக்கிறார், அதுவும் பிடிக்காமல் அன்றே திரும்பிவிட்டார். பாஸ்போர்ட் எடுத்ததில்லை.

ரிக்கார்டு வந்த கதை சுருக்கமானது. கும்பாரகொப்பலுக்கு அடுத்த கோகுலத்தில் யோகா படிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அய்யாவுவின் மனைவி பழனாத்தாள் அவர்கள் வீடுகளில் சமையல் செய்துவந்தார். அதில் டெபரா என்ற பெண்மணிக்குக் களியும் கீரைக் குழம்பும்கூடப் பழகிவிட்டிருந்தது. இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் விமானமெல்லாம் நிற்கப்போகிறது என்று செய்தி வந்ததும் டெபரா ஒரே ஒரு பையோடு ஓடினார். போகிற அவசரத்தில், பெட்டிபோல் மூடித் திறக்கிற ரிக்கார்டு பிளேயரையும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரிக்கார்டுகளையும் பழனாத்தாளிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். வரவில்லை. பிறகு ஒரு நாள், எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்மாவை மட்டும் பட்டினி போட்டுவிடாதீர்கள் என்று கனகாவின் போனுக்குச் செய்தி அனுப்பினார். கனகா அவர்களுடைய ஒரே மகள். ஜே.எல்.பி. ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை பார்ப்பவள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளம். பாடகியைப் பட்டினி போடுவது என்றால் என்ன என்று அவளுக்கும் முதலில் விளங்கவில்லை. ரிக்கார்டைப் போட்டுக் கேட்ட பிறகு, கேட்க ஆளில்லாமல் விடுவதுதான் அந்தப் பட்டினி என்று வீட்டில் எல்லோருக்குமே விளங்கிவிட்டது.

ஊரடங்கில் அய்யாவு வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவர். இரண்டு நாள் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார். இந்த வீட்டுக்குச் சென்ட்ரிங் அடித்தவன் யாரோ, அவனுக்குத் தொழில் தெரியாது என்று முடிவு கட்டினார். அதன் பிறகு பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அட்டைப்பெட்டியைத் திறந்தார். உறையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களைக் கனகா படித்துக் காட்டினாள், ஒன்றும் வாயில் நிற்கவில்லை. எனவே படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அல்மா மஞ்சள் கவுனில் சிரித்துக்கொண்டிருப்பது மஞ்சள் கவுன் ரிக்கார்டு. குடை பிடித்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பது குடை ரிக்கார்டு. ஆளே இல்லாமல் ஒரு ஜோடி குதிகால் செருப்பு மட்டும் கிடப்பது செருப்பு ரிக்கார்டு. மேடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை மேலே தூக்கியிருப்பது கச்சேரி ரிக்கார்டு. பாடகிக்கும் அல்மம்மா என்று பெயராயிற்று. அந்தப் பக்கத்தில் கெம்பம்மாவும் சிக்கம்மாவும் இருக்கும்போது அல்மம்மாவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாரும் அதைத் திருத்தவில்லை.

வெளியே போக வழியில்லாத தெருவில் ஒரு வீட்டில் பாட்டுப் போட்டால் எல்லா வீட்டுக்கும் போட்ட மாதிரிதான். முதல் வாரத்திலும், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த பிறகும் சில விஷயங்கள் தெரியவந்தன. குடை ரிக்கார்டின் கடைசிப் பாட்டு ஓடும்போது, முறை வைத்து விடுகிற தெருக்குழாயில், முறை இல்லாத நாளிலும் தண்ணீர் வந்தது. அதிகமில்லை, ஆளுக்கு ஒரு குடம். செருப்பு ரிக்கார்டு ஓடுகிறபோது கரியப்பனின் ஆட்டோ ஸ்டார்ட் ஆகாது, பக்கம் முடிந்ததும் ஆகிவிடும். கரியப்பன் பழனாத்தாளின் அண்ணன். சாதாரண நாளில் ஆட்டோ, முகூர்த்த நாளில் கல்யாண பேண்டு செட்டில் ட்ரம். வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், இதில் கோளாறு ஒன்றுமில்லை, வண்டி பாட்டுக் கேட்கிறது, முடிகிறவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் கவுன் ரிக்கார்டால்தான் உண்மையில் சங்கடம். அது ஓடினால் தெருவிலிருக்கிற மல்லிகை மொக்கெல்லாம் மத்தியானத்திலேயே விரிந்துவிடும். தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கும் மஞ்சுநாத் இரண்டு கூடை மல்லிகையை அப்படிப் பறிகொடுத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

“அய்யாவண்ணா, பாட்டு போடறதுக்கு முன்னாடி ஒரு மாத்து சொல்லிடுங்க. மொக்கெல்லாம் அரளி விரிஞ்சிட்டா மார்க்கெட்ல யாரு வாங்குவா?” என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டவர், அன்றைக்குப் பூ எப்படியும் போய்விட்டதால் உட்கார்ந்து மறுபக்கத்தையும் கேட்டார். அதற்குப் பிறகு பூ விற்று முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவரும் வரத் தொடங்கினார். ஊரடங்கு போயிற்று, அய்யாவு வேலைக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

அவர்கள் ரசித்த ரசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனகாவைத் தவிர ஒருவருக்கும் ஆங்கிலம் கிடையாது. நாற்காலிப் பாட்டு தொலைந்துபோன மாட்டைப் பற்றியது என்றுதான் ரொம்ப நாள் அய்யாவு நினைத்துக்கொண்டிருந்தார், அப்படிக் கூப்பிடுகிற குரலை அவர் ஹனூரில் கேட்டிருக்கிறார். கனகா போனில் தேடி அர்த்தம் சொன்னாள். ஒரு பெண் வாசலில் தினம் இரண்டு நாற்காலி போடுகிறாள். ஒன்றில் அவள் உட்காருகிறாள். இன்னொன்றில் உட்கார வேண்டியவன் வரமாட்டான் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் போடுகிறாள். அய்யாவு கேட்டுவிட்டு, மாடானால் என்ன, மனுஷனானால் என்ன, போனது போனதுதானே என்றார். பழைய கச்சேரிகளின் படங்களையும் கனகா காட்டினாள். பாட்டு சூடு பிடித்ததும் அல்மா செருப்பைக் கழற்றி மேடை ஓரத்தில் ஜோடியாக வைப்பது, ஒரு சின்னத் துண்டால் முகத்தைத் துடைத்து அதை வாத்தியக்காரர் தோளில் போடுவது, அழுகை வந்துவிட்டால் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவது எல்லாவற்றையும் அவர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். செருப்பு ரிக்கார்டிலும் நாற்காலிப் பாட்டு உண்டு, அது ஸ்டுடியோ அறைக்குள் பாடியது. எது உசத்தி என்று சண்டை நடக்கும். அறைக்குள் பாடியதில் ட்ரம் சுத்தமாக விழுகிறது என்பது கரியப்பன் கட்சி. கச்சேரியில் அந்தம்மாளுக்கு ஓர் இடத்தில் மூச்சே நின்று திரும்ப வருகிறது, அந்த ஒரு இடம் போதும் என்பது அய்யாவு கட்சி. மஞ்சுநாத் எந்தக் கட்சியிலும் சேராமல் இரண்டுக்கும் அழுவார்.

கச்சேரி ரிக்கார்டுக்கு மட்டும் தனி மரியாதை. மற்ற ரிக்கார்டை உட்கார்ந்து கேட்கலாம். இது கச்சேரி, பாடுகிறவர் எதிரே நிற்கிறார், அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் மனசு என்ன பாடுபடும் என்பது அய்யாவுவின் வாதம். அதனால் எல்லோரும் கதவோரம் நிற்பார்கள், அதுதான் பின்வரிசை. பாட்டு முடிந்தால் தட்டுவார்கள், பாட்டு நடுவிலும் கூட்டத்தோடு சேர்ந்து தட்டுவார்கள். சிக்கல் அங்கேதான் வந்தது. தாளத்தை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் அல்மாவின் கூட்டம் இரண்டிலும் நான்கிலும் தட்டும். அய்யாவு மாதேசுவரன் மலைக்கு நடந்துபோகிறவர்கள் பாட்டில் வளர்ந்த கை. அவருக்குக் கை விழுவது ஒன்றில் மட்டும்தான், அதுவும் இடிபோல விழும். ட்ரம்காரரான கரியப்பனுக்கு அதைக் கேட்டால் பல் கூசும்.

“மாப்ள, அங்கயில்ல. அடுத்ததுல தட்டோணும்” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லுவார்.

“அந்தம்மா கைய விடற எடத்துல அவிய தட்டறாங்க மச்சான். எட்டிப் புடிக்கற எடத்துல நான் தட்டறேன். ரெண்டுக்கும் ஆள் வேணுமல்லோ?” என்பது அய்யாவுவின் பதில். தாளம் தெரிந்தவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கரியப்பன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பழனாத்தாள் தட்டுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஏதாவது கைவேலை இருக்கும். அவரைக்காய்க் காலத்தில் ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருப்பார், பச்சைக் கண்ணாடி வளையல் ஏனத்தில் பட்டுச் சத்தம் வரும். “ஏம்புள்ள, ஒருக்கா தட்டுனா கையி தேஞ்சா போயிரும்?” என்று அய்யாவு கேட்பார். “நீங்க தட்டறதே ரெண்டாளுக்குப் போதுமுங்க” என்பார் பழனாத்தாள். பாட்டு பிடிக்காமல் அல்ல. எல்லோருக்கும் முன்னால் கணவனோடு சேர்ந்து நின்று கைதட்டுவது அவருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இந்த ஒரு வெட்கத்தை மட்டும் அவர் விடாமல் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், மாசி மாதம், விஜயநகரில் ஒரு கட்டடத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது அய்யாவுக்கு நெஞ்சு வலித்தது. ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் கொடுத்த முட்டு மட்டும் கான்கிரீட் இறுகுகிறவரை அசையாமல் நின்றது. பழனாத்தாளின் வளையலைக் கழற்றினார்கள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பாட்டுச் சத்தம் கூடாது என்பதால் ரிக்கார்டு பிளேயரை மூடி, மேலே ஒரு சேலையைப் போட்டு வைத்தார்கள். தெருக்குழாயில் முறைப்படி மட்டும் தண்ணீர் வந்தது. மல்லிகை சாயங்காலம்தான் விரிந்தது, மஞ்சுநாத்துக்கு நல்ல வியாபாரம், ஆனால் அந்த வருஷம் அவர் இளைத்துப்போனார். பழனாத்தாள் வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். அழுவதற்கு ஒரு நேரம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார், நேரம் வாய்க்கவில்லை.

வருஷத் திதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனகா சேலையை எடுத்தாள். மஞ்சுநாத்தும் கரியப்பனும் வந்து கதவோரம் நின்றார்கள், அய்யாவு நிற்கிற இடத்தை விட்டுவிட்டு. கச்சேரி ரிக்கார்டைத்தான் போட்டார்கள். முதல் பக்கம் எப்போதும்போல. இரண்டாம் பக்கம் தொடங்கி, மூன்றாவதாக நாற்காலிப் பாட்டு வந்தது. ஒன்றில் ஒரு கைதட்டல் விழுந்தது.

“மாப்ள, அங்கயில்ல!” என்றார் கரியப்பன், பழக்க தோஷத்தில், எரிச்சலோடு. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். அறையில் யாரும் தட்டவில்லை. மறுபடியும் ஒன்றில் விழுந்தது, பலகை மேல் பலகை, ஓரத்தில் காற்று. கனகா ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள், அதே இடத்தில் அதே கை. பழனாத்தாள் பிளேயர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாகக் கிடைக்காத நேரம் அப்போது கிடைத்தது. பாட்டு முடிகிறவரை அழுதார், முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொருக்கா போடு சாமி” என்றார்.

உயிரோடிருந்தபோது ரிக்கார்டில் அந்தக் கை இல்லையே, செத்த பிறகு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் கும்பாரகொப்பலில் தயாராகப் பதில் இருக்கிறது. உயிரோடிருந்தபோது அவருக்கு வேலை இருந்தது, மெம்பிஸ் வரைக்கும் போக நேரம் ஏது. வேலை முடிந்ததும் போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வந்தன. பழனாத்தாளுக்கு வாரம் ஒரு முறை கணவரைக் கேட்டால் போதும், மற்ற ஆறு நாளையும் அதை வைத்து ஓட்டிவிடுவார்.

அந்தக் கை இந்த வீட்டு ரிக்கார்டில் மட்டும் விழவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. கனகா போனில் அதே கச்சேரியைப் போட்டுப் பார்த்தாள், அங்கேயும் அப்பா தட்டினார். அல்மா புரூயிட்டின் ரசிகர்கள் உலகம் முழுக்கக் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் இணையத்தில் உண்டு. ஐம்பது வருஷமாகக் கேட்டுவந்த கச்சேரியில் புதிதாக ஒருவர் தட்டுகிறார் என்று அங்கே ஒரே ரகளை. போலந்தில் ஒரு பஸ் டிரைவர், நைரோபியில் ஒரு டீச்சரம்மா, மெம்பிஸிலேயே ஒரு முடிதிருத்துபவர் என்று எல்லோரும் அவரவர் ரிக்கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். கனகா ரொம்ப யோசித்து, அது என் அப்பா என்று எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை. ரசிகர்களுக்கே உரிய கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவருக்கு எந்த ரிக்கார்டு பிடிக்கும், அறைக்குள் பாடியதா கச்சேரியா, ஏன் ஒன்றில் தட்டுகிறார். எட்டிப் பிடிக்கிற இடம் என்று கனகா எழுதியதைப் பலர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. பிறகு ரிக்கார்டு கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. எண்பத்துநான்கு வயதான அல்மா புரூயிட் பாடுவதிலிருந்து ஓய்வு பெறுகிறார், அதையொட்டி அந்தக் கச்சேரியைப் புது இயந்திரத்தால் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறோம், இருமல், இரைச்சல், அண்மையில் பலர் புகார் சொன்ன அந்தத் தாளம் தப்பிய கைதட்டல் எல்லாம் நீக்கப்படும். மாதிரிக்கு, நாற்காலிப் பாட்டுக்கு அடுத்து அய்யாவு தட்டிவந்த பாட்டை வெளியிட்டார்கள். அதில் அய்யாவு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ரிக்கார்டைப் போட்டால், அந்தப் பாட்டில் இங்கேயும் அவர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வந்தவர் எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் போய்விடுவார் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. நாற்காலிப் பாட்டில் இன்னும் இருந்தார். பிப்ரவரியில் முழு ரிக்கார்டும் வெளிவந்துவிட்டால் அதிலும் இருக்கமாட்டார்.

“சும்னே விடறதில்லம்மா, நான் கம்பெனிக்கு எழுதறேன்” என்றாள் கனகா. எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தது, மனிதர் யாரும் படித்திருக்க முடியாத வேகத்தில். போலந்து பஸ் டிரைவரும் எழுதினார், நைரோபி டீச்சரம்மாவும் எழுதினார், அதே நன்றி அவர்களுக்கும் வந்தது. கரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். அவர் இத்தனை வருஷம் சொன்னதைத்தான் கம்பெனிக்காரர்களும் சொல்லுகிறார்கள், ஆனால் தப்பு என்று சொல்ல இவருக்கு உரிமை இருக்கிறது, அவர்களுக்கு என்ன இருக்கிறது. பழனாத்தாள், ஒரு தடவை புதைத்தாயிற்று, இன்னொரு தடவை என்னால் முடியாது என்று கனகாவிடம் மட்டும், அடுப்படியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

அல்மாவின் கடைசிக் கச்சேரி ஜனவரியில், அதே மெம்பிஸ் மண்டபத்தில் நடந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இங்கே திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். கனகா போனை டிவியில் இணைத்தாள். மஞ்சுநாத் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பூக்கூடையோடு வந்தார். கரியப்பன் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தினார், அதுவும் கேட்கட்டும் என்று. பழனாத்தாள் ஊறவைத்த அவரைக்கொட்டை ஏனத்தை மடியருகில் வைத்துக்கொண்டார். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். அல்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தார். குரல் பாதிதான் இருந்தது, ஆனால் அந்தப் பாதியில் முன்னைவிட அதிகம் இருந்தது என்று மஞ்சுநாத் சொன்னார். நான்காவது பாட்டில் குனிந்து செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தபோது மண்டபமும் கும்பாரகொப்பலும் சேர்ந்து ஆர்ப்பரித்தன. கூடையில் மொக்குகள் விரியத் தொடங்கின, மஞ்சுநாத் அதைப் பார்த்துவிட்டுக் கூடையை மூடவில்லை.

கடைசியில் நாற்காலிப் பாட்டு. முதல் பாதி சரியாகத்தான் போயிற்று. பழைய கச்சேரியில் மூச்சு நின்று திரும்பிய அதே இடம், வராதவனை ஆங்கிலத்தில் ‘வா’ என்று கூப்பிட்டு எடுக்கிற இடம், வந்தபோது அல்மா எடுக்கவில்லை. வாத்தியக்காரர்கள் ஒரு சுற்று சுற்றி வந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர் உதட்டைத் திறந்தார், மூடினார். இன்னொரு சுற்று. கூட்டம் தைரியம் சொல்வதற்காக இரண்டிலும் நான்கிலும் பலமாகத் தட்டியது, அந்தச் சத்தத்தில் அவருக்கு ஆரம்பம் எங்கே என்பதே தொலைந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. இன்னொரு சுற்று. தண்ணீரில் கால் தேடுகிறவரைப்போல ஒரு கையை முன்னால் நீட்டினார்.

பழனாத்தாள் ஏனத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். கதவோரம் போய், அய்யாவுக்காக விட்டுவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, ஈரக்கையோடு, தோல் ஒட்டிய விரலோடு, ஒன்றில் தட்டினார். வாழ்க்கையில் முதல் தடவை. மறுபடியும் ஒன்றில். கனகா சேர்ந்துகொண்டாள், மஞ்சுநாத் சேர்ந்துகொண்டார். கரியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் கற்ற தொழிலுக்கெல்லாம் துரோகம் செய்து, ஒன்றில் தட்டினார். அது பார்க்க மட்டுமான ஒளிபரப்பு, இங்கே பேசினால் அங்கே கேட்க வழியில்லை. படம்கூடச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும் என்று கனகா பிறகு விளக்கினாள். ஐம்பது வருஷம் முன்னால் நடந்த கச்சேரிக்கே ஆள் அனுப்பிய குடும்பத்துக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. மண்டபத்தின் பின்னாலிருந்து அந்தச் சத்தம் விழுந்தது. கேமரா திரும்பியது. பின்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அல்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார், சிரித்தார், அடுத்த ஒன்றில் கையை ஊன்றி ‘வா’ என்று எடுத்தார். அந்த ‘வா’வில் குரல் முழுதாக இருந்தது.

பாட்டு முடிந்த பிறகு அல்மா பேசினார். கனகா கேட்டுக் கேட்டுச் சொன்னாள், பாதி கன்னடத்திலும் பாதி அழுகையிலும். “அம்மா, அவங்க சொல்றாங்க, அந்தக் கச்சேரிக்கு முந்தின நாள்தான் அவங்க புருஷன அடக்கம் பண்ணாங்களாம். இதே இடத்துல மூச்சு நின்னுபோச்சாம். எங்க ஆரம்பம்னே கொத்தாகலயாம், தெரியவே இல்லயாம். பின்னாடி ஒருத்தர் மட்டும் தப்பா தட்டிட்டே இருந்தாராம். தப்புதானாம்மா, ஃபுல்லா தப்புதானாம். ஆனா அத புடிச்சுத்தான் பாட்ட முடிச்சாங்களாம். அவரத் தேடினப்ப யாரும் இல்லையாம்.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டுவிட்டு, “அவர யாரோ தொடைக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன், நான் உசிரோட இருக்கறவரைக்கும் அவர்மேல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க” என்றாள். பழனாத்தாள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டார். கரியப்பன், தப்புதான் என்று அந்தம்மாளே சொல்லிவிட்டார்களே என்று சொல்லிக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

கம்பெனி பணிந்தது. பிப்ரவரியில் வந்த புது ரிக்கார்டில் இருமலும் இரைச்சலும் போயிருந்தன, அய்யாவு எங்கும் போகவில்லை, முதலில் காணாமல் போன பாட்டிலும் திரும்ப வந்திருந்தார். டெபரா ஒரு ரிக்கார்டு வாங்கித் தபாலில் அனுப்பினார். வந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டார்கள். நாற்காலிப் பாட்டில் எல்லோரும் கதவோரம் நின்றார்கள். ஒன்றில் அந்தக் கை விழுந்தது. அதன் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல, ரிக்கார்டுக்குள்ளிருந்தே இன்னொன்றும் விழுந்தது. மெலிசான கை, கொஞ்சம் ஈரம் பட்ட சத்தம், ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் கண்ணாடி வளையல் குலுங்கி அடங்கியது.

கனகா அம்மாவின் கையைப் பார்த்தாள். நான்கு வருஷமாக அதில் வளையல் இல்லை.

“அம்மா, அது யாரும்மா?”

“நாந்தான்” என்றார் பழனாத்தாள். “அவரு பக்கத்துல நிக்கறேன்.” பிறகு, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணிக்க உள்ளே போனார்.